அரிய ஹெவி மெட்டல் இசைத்தட்டுகள்: தென்னாப்பிரிக்காவில் எந்த வழியில் வாங்கினால் கட்டுப்படியாகும்?

மாதத்துக்கு ஆயிரம் ராண்ட் ஒதுக்கக்கூடிய ஒருவர், அந்தத் தொகைக்குள் பழைய ஹெவி மெட்டல் வினைல் தட்டுகளைச் சேர்க்க விரும்பினால், சாரிட்டி கடைகளில் பெட்டி பெட்டியாகத் துழாவுவதா, இணைய ஏலத்தில் காத்திருப்பதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா என்ற கேள்வியில் சிக்கிக்கொள்கிறார். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்து வாசகர்கள் பலர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாததற்குக் காரணம், ‘அரிய தட்டு’ என்று நாம் சொல்வதில் மூன்று வகை இருப்பதுதான்.

முதல் வகை, உலகெங்கும் அரியவை. அயர்ன் மெய்டன் 1979இல் தபால் வழியாக விற்ற ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ என்ற ஏழு அங்குலத் தட்டு 5000 படிகளே அச்சானது. நார்வேயின் மேஹெம் குழு 1987இல் வெளியிட்ட ‘டெத்க்ரஷ்’ தட்டின் முதல் அச்சு 1000 படிகளோடு நின்றது. இரண்டாம் வகை, தாம் பிறந்த நாட்டில் ஓரளவு கிடைத்தாலும் இங்கே காணக் கிடைக்காதவை. இங்கிலாந்தின் நீட், அமெரிக்காவின் மெகாஃபோர்ஸ், பிரேசிலின் காகுமெலோ போன்ற சிறு நிறுவனங்களின் 1980களின் வெளியீடுகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகைதான் நம் நாட்டு வாசகருக்கு உண்மையான வாய்ப்பு: இங்கேயே அச்சிடப்பட்டு, இங்குள்ள வீடுகளிலேயே தங்கிவிட்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் கண்ணில் அதிகம் படாத தென்னாப்பிரிக்க அச்சுகள். எந்த வகையைத் தேடுகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே எந்த வழி மலிவு என்று பேச முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

தட்டின் மேல் ஒட்டிய விலை ஒரு பொருட்டே அன்று. நம் கைக்கு வந்துசேரும் விலையே கணக்கில் வரவேண்டும். அதில் பெட்ரோல், கூரியர், வாட் வரி, சுத்தம் செய்யும் செலவு, புதிய உள்ளுறை ஆகிய அனைத்தும் அடங்கும். அடுத்தது தட்டின் நிலை. அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் வகுத்த தர வரிசையையே உலகச் சந்தை பின்பற்றுகிறது. அதன் கணக்குப்படி, நியர் மின்ட் (ஏறத்தாழப் புதியது) நிலையில் உள்ள தட்டின் விலையில் ஏறத்தாழப் பாதிதான் விஜி ப்ளஸ் (‘வெரி குட்’டுக்கு ஒரு படி மேல்) தட்டுக்கு; வெறும் விஜி (‘வெரி குட்’) என்றால் கால் பங்கு. ஆகவே, நானூறு ராண்டுக்கு விற்கும் தட்டு ஒன்று நூற்றைம்பதுக்குக் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன், அந்த நானூறு எந்த நிலைக்குரிய விலை என்று பார்க்க வேண்டும். விஜி நிலைத் தட்டுக்கு நூற்றைம்பது கொடுத்தவர் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்.

இவற்றோடு மேலும் மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாம்: நாம் தேடும் குறிப்பிட்ட தட்டு அந்த வழியில் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அதற்கு எவ்வளவு நேரம் போகும், ஏமாந்தால் பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா. இந்த மூன்றில் கடைசியை மலிவு தேடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

## உள்ளூர் அச்சு: கவனிக்கப்படாத மலிவு

எரிக் காலோ 1926இல் ஜொகன்னஸ்பர்க்கில் தொடங்கிய வணிகம் வளர்ந்து காலோ நிறுவனமாயிற்று. அதுவும், டீல் நிறுவனமும், ஈஎம்ஐ, டபிள்யூஈஏ ஆகியவற்றின் தென்னாப்பிரிக்கக் கிளைகளும் வெளிநாட்டு உரிமங்களைப் பெற்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தட்டுகளை இங்கேயே அச்சிட்டன. நிறவெறி ஆட்சிக் காலத்தின் கலாசாரப் புறக்கணிப்பால் பெரிய குழுக்கள் பல இங்கு வந்து பாடவில்லை என்றாலும், அவர்களுடைய தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. பிளாக் சப்பாத், டீப் பர்ப்பிள், ஜூடஸ் பிரீஸ்ட், ஏசி/டிசி, அயர்ன் மெய்டன் ஆகியோரின் முக்கிய ஆல்பங்களுக்குத் தென்னாப்பிரிக்க அச்சுகள் உண்டு. லேபிளின் ஓரத்தில் தென்னாப்பிரிக்காவில் தயாரானது என்ற வரியைத் தேடினால் போதும். சிலவற்றில் ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் அது இருக்கும்.

இந்த அச்சுகளுக்குச் சில குறைகள் உண்டு. செலவைக் குறைப்பதற்காக, இங்கிலாந்தில் விரித்துத் திறக்கும் இரட்டை உறையோடு வந்த ஆல்பம் இங்கே ஒற்றை உறையோடு வந்திருக்கலாம். பாடல் வரிகள் அச்சிட்ட உள்ளுறை விடுபட்டிருக்கலாம். இங்கிலாந்தின் முதல் அச்சுதான் வேண்டும் என்று நிற்பவர்கள் இவற்றைத் தீண்டமாட்டார்கள். அதனால்தான் இவை விலை குறைந்து கிடைக்கின்றன. ஒரு குழுவின் எல்லா நாட்டு அச்சுகளையும் சேர்க்கும் ஐரோப்பியச் சேகரிப்பாளர் ஒருவருக்கோ இதே ஒற்றை உறைத் தட்டு அரும்பொருள். இங்கே மலிவாக வாங்கி அங்கே நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் இரண்டாம் வகைத் தட்டுகளை வாங்குவோர் இருக்கிறார்கள். என் கணிப்பில், இந்த நாட்டில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கை நட்டமில்லாமல் நடத்துவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

பழைய ரொடீசியாவில் அச்சான தட்டுகளும் எல்லை கடந்து வந்து இங்குள்ள பெட்டிகளில் கலந்து கிடக்கின்றன. அவற்றையும் ஒதுக்கித் தள்ளக் கூடாது.

## சாரிட்டி கடைகளும் வாரச் சந்தைகளும்

ஹாஸ்பிஸ் கடைகள், எஸ்பிசிஏ கடைகள், சபைகள் நடத்தும் பழம்பொருள் கடைகள், ஞாயிற்றுக்கிழமை ஃப்ளீ மார்க்கெட்டுகள் ஆகியவற்றில் ஒரு தட்டின் விலை பெரும்பாலும் குறைவுதான். வாங்குவதற்கு முன் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க முடிகிறது என்பது இணைய வழி எதிலும் இல்லாத வசதி.

ஆனால், அங்குள்ள பெட்டிகளில் என்ன இருக்கிறது என்பதைப் பழகியவர்கள் அறிவார்கள். முன்வரிசையில் ஜிம் ரீவ்ஸ். இந்த நாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்கினால் அவருடைய தட்டு இல்லாத பெட்டியைக் காண்பது கடினம். அதன் பின்னால் ஜேம்ஸ் லாஸ்ட், அதற்கும் பின்னால் அட்டையில் நங்கையர் படம் போட்ட ‘ஸ்பிரிங்பாக் ஹிட் பரேட்’ வரிசை. அந்த வரிசையில் அசல் குழுக்கள் பாடுவதில்லை. உள்ளூர்ப் பாடகர்கள் நகலெடுத்துப் பாடியவை அவை. பின்னட்டையில் நமக்குத் தெரிந்த ராக் பாடல் ஒன்றின் பெயரைக் கண்டு வாங்கிவிடக் கூடாது. இத்தனைக்கும் பின்னால், பெட்டியின் அடியில், யாரோ ஒருவருடைய மகன் விட்டுச்சென்ற ஒற்றை மெட்டல் தட்டு இருக்கலாம். பல வாரங்களுக்கு இல்லாமலும் போகலாம்.

இந்த வழியின் மறைச்செலவு நேரமும் பெட்ரோலும். பைன்டவுன், வெஸ்ட்வில், ஹில்கிரெஸ்ட் என்று ஒரு சனிக்கிழமை காலை சுற்றி வந்து முப்பது ராண்டுக்கு ஒரு தட்டு வாங்கினால், அதன் உண்மை விலை முப்பது அன்று. வேறு வேலையாகப் போகும் வழியில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே இது மலிவு. கடைக்காரர்களும் இப்போது கைபேசியில் விலை பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது, எப்போதோ ஒருமுறை மிக உயர்ந்த விலைக்குப் போன படியின் தொகையையே ஒட்டிவிடுகிறார்கள். அத்தகைய கடையில் வாதாடுவதைவிட நகர்ந்துவிடுவது நல்லது. அறக்கட்டளைக்குச் சேரும் பணத்தில் பேரம் பேசுவதும் அழகன்று.

தட்டைச் சோதிக்கும்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பள்ளங்களின் நிறம்: தேய்ந்த ஊசியால் சத்தமாகப் பலமுறை ஓட்டிய தட்டு, கீறல் இல்லாவிட்டாலும் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். மெட்டல் தட்டுகளில் இது மிகுதி. உள்வட்டப் பாடல்களில் கரகரப்பாக அது வெளிப்படும், எந்தக் கழுவலும் அதைப் போக்காது. இரண்டாவது, நடுத்துளையைச் சுற்றி லேபிளில் தட்டுச்சுழற்றியின் நடுக்கம்பி உரசிய வெளிறிய கோடுகள்: அவை அதிகம் என்றால் தட்டு அதிகம் ஓடியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது இந்த நாட்டுக்கே உரியது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் வானொலியில் தடைசெய்யப்பட்ட பாடல்களை யாரும் தவறியும் ஒலிபரப்பிவிடக் கூடாது என்று, நூலகத் தட்டில் அந்தப் பாடலின் மேல் கூரிய கருவியால் கீறிவிடும் வழக்கம் இருந்தது. அந்த நூலகத்திலிருந்து வெளியேறிய தட்டு என்றால், உறையில் நூலக எண்ணோ முத்திரையோ இருக்கும். அதைக் கண்டதும் தட்டை வெளியே இழுத்து ஒவ்வொரு பாடலின் மேலும் கண்ணை ஓட்ட வேண்டும். ஒரு பாடலின் அகலத்துக்கு மட்டும் திட்டமிட்டுப் போட்ட கோடு, தவறி விழுந்த கீறலைப் போல இருக்காது. அப்படிப்பட்ட படியைக் கேட்பதற்கு வாங்கக் கூடாது என்றாலும், வரலாற்றுச் சான்றாக வைத்துக்கொள்ள விரும்புவோர் உண்டு.

## வீட்டோடு விற்கப்படும் சேகரங்கள்

ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ குடிபெயர்பவர்கள், பெற்றோர் மறைந்தபின் வீட்டைக் காலி செய்பவர்கள், சிறிய ஃபிளாட்டுக்கு மாறும் ஓய்வூதியர்கள் ஆகியோர் கம்ட்ரீயிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலும் தட்டுகளை மொத்தமாக விற்கிறார்கள். ஒரு தட்டுக்கான விலையைப் பார்த்தால் எல்லா வழிகளிலும் இதுவே குறைவு. இருநூறு தட்டுகள் நாலாயிரம் ராண்டுக்கு வந்தால் தலைக்கு இருபது. அதில் பதினைந்து மெட்டல் தட்டுகள் இருந்தாலும், அந்த நாலாயிரத்தைப் பதினைந்தால் வகுத்தால் ஒன்று இருநூற்று அறுபத்தேழு ராண்ட். மீதியில் நூறு தட்டுகளைத் தலைக்கு இருபத்தைந்துக்கு விற்றுவிட்டால் அதுவே நூறாக இறங்குகிறது. கணக்கு முழுவதும் அந்த மீதியை விற்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

விற்க முடியாதவர் வீட்டில் ஐம்பது கிலோவுக்குக் குறையாத அட்டையும் வினைலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு தட்டு உறையோடு கால் கிலோ அளவுக்கு வரும் என்பதைச் சொந்தமாக ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களே நம்புவார்கள். முன்பணம் மொத்தமாகத் தேவை என்பதும், விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதும், முன்பின் தெரியாத வீட்டுக்குப் பணத்தோடு போகிறோம் என்பதும் மற்றச் சிக்கல்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், பகல் வேளையில் செல்வதும், பொருளைப் பார்த்தபின் வங்கி வழியாகப் பணம் செலுத்துவதும் இங்கே கட்டாயம்.

இந்த வழியில் நம் சமூகத்துக்கு ஒரு சாதகம் உண்டு. டர்பன் இந்தியக் குடும்பங்களில் ராக் இசை நேற்று வந்ததன்று. எழுபதுகளில் இளைஞர்களாக இருந்தவர்கள் வீடுகளில் தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளும் பக்திப் பாடல் தட்டுகளும் வைத்த அதே அலமாரியில் டீப் பர்ப்பிளும் சப்பாத்தும் இருந்தன. அவர்களில் பலர் இன்று தாத்தாக்கள். விளம்பரத்தில் வராத இந்தச் சேகரங்கள், கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ ஓர் அங்கிளிடம் ‘பழைய ராக் தட்டு ஏதாவது வைத்திருக்கிறீர்களா, அங்கிள்?’ என்று கேட்பவருக்கே கிடைக்கும். கொடுக்கும் விலையில் நேர்மை வேண்டும். அவருக்கு விலை தெரியாது என்பதைப் பயன்படுத்திப் பத்து ராண்டுக்கு வாங்கினால், அந்தச் செய்தி அடுத்த கல்யாணத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். இன்னொரு கதவு திறக்காது. சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்லி, ஏன் அந்த விலை என்பதையும் விளக்கிவிடுவது இரு தரப்புக்கும் நியாயம்.

கடலோரத் தட்டுகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அமான்சிம்டோட்டியிலிருந்து பல்லிட்டோ வரையுள்ள ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கராஜில் கிடந்த பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது பூஞ்சை வாடை. தட்டில் பூத்த பூஞ்சையைக் கழுவலாம். அட்டையில் ஊறியதைப் போக்க முடியாது, அது பக்கத்தில் உள்ள உறைகளுக்கும் பரவும். உயர்நிலப் பகுதியிலிருந்து, அதாவது ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்திலிருந்து வரும் சேகரங்களில் தூசு அதிகம் இருந்தாலும் உறைகள் காய்ந்து நன்றாக இருக்கின்றன. இரண்டும் ஒரே விலை என்றால் உயர்நிலத்துப் பெட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

## உள்ளூர் இணைய ஏலங்களும் குழுக்களும்

முன்பு பிட்ஆர்பை என்ற பெயரில் இயங்கிய பாப் ஷாப் தளமும், ஃபேஸ்புக்கில் உள்ள வினைல் குழுக்களும் நடுத்தர வழி. தேடும் தட்டின் பெயரைச் சேமித்து வைத்தால், அது பட்டியலில் ஏறும்போது அறிவிப்பு வரும், அலைய வேண்டியதில்லை. பெப் கடைகளுக்கிடையே செல்லும் பாக்ஸி பையிலும், பூடோ லாக்கர் வழியாகவும் ஒரு தட்டு நாட்டின் எந்த மூலைக்கும் குறைந்த செலவில் போகிறது. ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாக வாங்கினால் அந்தச் செலவும் பகிர்ந்துவிடும்.

தரம் குறிப்பதில் உள்ள தாராளம்தான் இங்கே பெரிய இடர். ‘வயதுக்கு நல்ல நிலை’ என்ற சொற்றொடருக்கு எந்தப் பொருளும் இல்லை. தட்டின் இரு பக்கங்களையும் விளக்கொளியில் சாய்த்து எடுத்த படம், லேபிளின் படம், ஓடுபள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எழுத்துகளின் படம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதே மேல்.

சட்டப் பாதுகாப்பு குறித்துத் தவறான நம்பிக்கை ஒன்று நிலவுகிறது. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, இணையத்தில் வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமையைத் தருவது உண்மை. ஆனால், ஏலத்தில் எடுத்த பொருளுக்கும், வாங்கியவர் முத்திரை பிரித்துவிட்ட ஒலிப்பதிவுகளுக்கும் அந்த உரிமை இல்லை என்று 42ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது. ஆகவே, ஏலத்தில் எடுத்த தட்டு கரகரத்தால், தளத்தின் சொந்த விதிகளும் விற்பவரின் நல்ல மனமும்தான் துணை.

## வினைல் கடைகள்

கேப் டவுனின் மாபு வினைல் போன்ற சிறப்புக் கடைகளில் விலை கூடுதல் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், தட்டைக் கழுவி, சோதித்து, தரம் குறித்து வைக்கும் உழைப்புக்கே அந்தக் கூடுதல் போகிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொழில்முறை விற்பனையாளரைக் கட்டுப்படுத்துவதால், முன்கூட்டிச் சொல்லாத குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்ப இடமுண்டு. தன் வீட்டுப் பொருளை ஒருமுறை விற்கும் தனிநபரிடம் அந்த உரிமை செல்லாது. கடையில் உண்மையான மலிவு, அடுக்கப்படாத தரைப் பெட்டிகளிலும், நம் தட்டுகளைக் கொடுத்து மாற்றிக்கொள்வதிலும் இருக்கிறது. மொத்தச் சேகரம் வாங்கியவர்கள் மீதியைத் தள்ளுவதற்கும் இதுவே இடம். பணத்துக்குப் பதிலாகக் கடைக் கணக்கில் வரவு வைக்கச் சொன்னால் பெரும்பாலும் கூடுதல் மதிப்புக் கிடைக்கும்.

## வெளிநாட்டிலிருந்து வரவழைத்தல்

இரண்டாம் வகைத் தட்டுகளுக்கு வேறு வழி இல்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய, தட்டுகளைப் பட்டியலிட்டு விற்க உதவும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வோர் அச்சும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. இதுவரை விற்ற குறைந்த விலை, நடு விலை, உயர்ந்த விலை மூன்றும் தெரியும். நடு விலையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும், அதையும் கடைசியாக விற்ற நாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, கைக்கு வந்துசேரும் விலை. ஒரு டாலருக்குப் பதினெட்டு ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது டாலர் தட்டு 720 ராண்ட். முப்பது டாலர் அனுப்புகூலி 540 ராண்ட். இறக்குமதி வாட் வரியைச் சுங்கத் துறை பொருளின் மதிப்போடு பத்து விழுக்காட்டைக் கூட்டிக் கணக்கிடுகிறது: 792 ராண்டின் மேல் 15 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 119 ராண்ட். சுங்கத்தீர்வை எதுவும் இல்லை என்று கொண்டாலும் மொத்தம் 1379 ராண்ட். அதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் சுங்கப்பணிக் கட்டணத்தை வசூலிக்கும். நாற்பது டாலர் தட்டின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது ஒன்றுதான்: ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து வாங்குவது. முதல் தட்டுக்கே அனுப்புகூலியின் பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டாவது, மூன்றாவது தட்டு சேரும்போது கூலி சிறிதே ஏறுகிறது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு ஜெர்மானியக் கடையில் எட்டுத் தட்டுகள் வாங்கினால், ஒற்றையாக வாங்குவதன் சுமையில் பாதிகூட இராது. சாதாரண அஞ்சலைத் தேர்ந்தெடுத்துக் கூலியை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனை இப்போது ஆபத்தானது. தென்னாப்பிரிக்க அஞ்சல் துறை 2023 ஜூலையில் கடனில் மூழ்கிய நிறுவனங்களுக்கான வணிக மீட்பு நடவடிக்கைக்குள் சென்றது, கிளைகள் பல மூடப்பட்டன. பின்தொடரும் எண்ணில்லாத பொதியில் விலை உயர்ந்த தட்டை வரவழைப்பது சூதாட்டம்.

முதல் வகைத் தட்டுகளில் போலிகள் மலிந்திருக்கின்றன. ‘சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ மலிவாக வந்தால், அது மலிவு அன்று, போலி என்றே தொடங்க வேண்டும். வளையப் பொறிப்பையும் அட்டையின் அச்சுக் கூர்மையையும் டிஸ்காக்ஸில் உள்ள அசல் படங்களோடு ஒப்பிடாமல் பணம் அனுப்பக் கூடாது. ஆயிரம் ராண்ட் மாதக் கணக்கில் இயங்குபவருக்கு இந்த வகை உரியதே அன்று என்பது என் எண்ணம்.

## மறுபதிப்பு

இசையைக் கேட்பதுதான் நோக்கம் என்றால் வாதம் இங்கேயே முடிந்துவிடும். ஜெர்மனியின் ஹை ரோலர் ரெக்கார்ட்ஸ், இங்கிலாந்தின் பேக் ஆன் பிளாக் போன்ற நிறுவனங்கள் 1980களின் அரிய மெட்டல் ஆல்பங்களைத் தொடர்ந்து மறுபதிப்பிடுகின்றன. அயர்ன் மெய்டனின் 1980 முதல் 1988 வரையான ஆல்பங்கள் 2014இல் மீண்டும் வினைலில் வந்தன. உள்ளூர்க் கடையில் வாங்கினால் சுங்கக் கவலையும் இல்லை. குறை என்னவென்றால், சில மறுபதிப்புகள் குறுந்தகட்டுக்காகச் சத்தம் கூட்டிய பதிவிலிருந்தே வெட்டப்படுகின்றன, மறுவிற்பனை மதிப்பும் பெரிதாக ஏறுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு தட்டின் விலை | நிலை குறித்த உறுதி | குறித்த தட்டு கிடைக்குமா | மறைச்செலவு |
|---|---|---|---|---|
| சாரிட்டி கடை, சந்தை | மிகக் குறைவு | நேரில் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்க முடியாது | அதிர்ஷ்டம் மட்டுமே | பெட்ரோல், சனிக்கிழமைகள் |
| மொத்தச் சேகரம் | எல்லாவற்றிலும் குறைவு | கலவையாக இருக்கும் | தெரியாது | முன்பணம், இடம், மீதியை விற்கும் உழைப்பு |
| உள்ளூர் ஏலம், குழு | நடுத்தரம் | படத்தைப் பொறுத்தது | ஓரளவு | திருப்ப முடியாமை |
| வினைல் கடை | கூடுதல் | நல்ல உறுதி | சொல்லிவைத்தால் வரும் | கூடுதல் விலையே செலவு |
| வெளிநாடு | தட்டுக்கு நியாயம், வந்துசேர ஏறும் | விற்பவரின் பெயரைப் பொறுத்தது | பெரும்பாலும் உறுதி | கூலி, வாட், காத்திருப்பு |
| மறுபதிப்பு | நிலையானது | புதியது | ஆம், இருப்பு உள்ளவரை | மறுவிற்பனை மதிப்புக் குறைவு |

## யாருக்கு எது

டர்பன் சுற்றுவட்டாரத்தில் வசித்து, கார் வைத்திருந்து, எந்தத் தட்டு வந்தாலும் மகிழ்பவர் சாரிட்டி கடைகளோடும் வீட்டுச் சேகரங்களோடும் நிற்கலாம். ஸ்டேஞ்சர், போர்ட் ஷெப்ஸ்டோன் போன்ற ஊர்களில் இருப்பவருக்கு உள்ளூர் ஏலமும் லாக்கர் கூரியரும்தான் நடைமுறைக்கு ஏற்றவை. வெனம் குழுவின் 1981ஆம் ஆண்டு நீட் அச்சு போன்ற ஒரே ஒரு தட்டைக் குறிவைத்திருப்பவர், மலிவுக்காக ஆண்டுக்கணக்கில் உள்ளூர்ப் பெட்டிகளைத் துழாவுவதைவிட, மூன்று மாதம் பணத்தைச் சேர்த்து நண்பர்களோடு கூட்டாக வரவழைப்பது குறைந்த செலவில் முடியும். மாணவர்கள் மறுபதிப்பில் தொடங்கட்டும். நல்ல ஊசிக்கும் தட்டுச்சுழற்றிக்கும் செலவிடாமல் முதல் அச்சைத் தேடுவதில் பொருளில்லை.

தென்னாப்பிரிக்காவின் சொந்தக் கன ராக் தட்டுகளைத் தேடுவோர் மட்டும் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். ஜொகன்னஸ்பர்க்கின் சக் குழு 1970இல் வெளியிட்ட ‘டைம் டு சக்’, டர்பனில் உருவான ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் குழு அதே ஆண்டில் வெளியிட்ட ‘ஆஸ்ட்ரா’ ஆகியவற்றின் அசல் அச்சுகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இங்கே உள்ளதைவிட அதிகப் போட்டி. டிஸ்காக்ஸில் மலிவாக வரும் என்று காத்திருப்பது வீண். ஏலத்தில் வந்தாலும் வெளிநாட்டவர் விலையை ஏற்றிவிடுவார்கள். இவை கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கக்கூடிய இடம், அந்தக் குழுக்கள் மேடையேறிய நகரங்களின் பழைய வீடுகள் மட்டுமே. குவாசுலு-நட்டாலில் இருப்பவர் வீட்டுச் சேகர விளம்பரங்களில் இவ்விரு தட்டுகளும் வெளிவந்த, 1970ஐ ஒட்டிய உள்ளூர் பார்லஃபோன் லேபிள் தெரியும் படங்களை முதலில் பெரிதாக்கிப் பார்க்கட்டும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது தட்டுகளும் ஜிம் ரீவ்ஸாகவே இருந்தாலும் அன்றே கிளம்பிவிட வேண்டும்.